ஜாப் கார்டில் கையெழுத்து உங்களுடையது

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ அட்மின் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதாத ஒரு வேலை முதல் மாதமே உங்கள் தலையில் விழும். கம்பெனி காரைப் பார்த்துக்கொள்கிற வேலை. பையரை மீனம்பாக்கத்திலிருந்து கூட்டி வருவது, சாம்பிள் பெட்டியை லேபுக்கு அனுப்புவது, ஆடிட்டரை ரயில் ஏற்றிவிடுவது எல்லாம் அந்தக் காரில்தான். நான் சேர்ந்தபோது அது டீசல் இன்னோவா. இப்போது அதே ஷெட்டில் ஹைகிராஸ் ஹைபிரிட் நிற்கிறது. சின்ன கம்பெனிகளில் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா.

டீசல் வண்டிக்கு நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஃப்ரீ சர்வீஸ் முடிந்த மறுநாளே ஷோரூமுக்குக் கும்பிடு. அதன் பிறகு பைபாஸ் ஓரத்து மெக்கானிக் பாய்தான். ஹைபிரிட் வந்ததும் பாய் பானட்டைத் திறந்து, உள்ளே ஓடும் ஆரஞ்சு கேபிளைப் பார்த்து, “இது நம்ம கை வெக்கிற வண்டி இல்ல சார்” என்று மூடிவிட்டார். அவர் நல்ல மெக்கானிக் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆக, பில்லை முதலாளி மேஜையில் வைக்கப்போவது நீங்கள். “ஷோரூமுக்கு இவ்வளவு அழணுமா?” என்று அவர் கேட்பார். பதில் கையில் இருக்க வேண்டும். என் பதில் இது: வாரண்டி ஓடும் வரை, சர்வீஸ் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் வேலையை ஷோரூமிலேயே செய்யுங்கள், கணக்குப் பார்க்காதீர்கள். எஸ்டிமேட்டில் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதை வரி வரியாக அடியுங்கள். முதல் பாதியில் மிச்சம் பிடிப்பவரும் இரண்டாம் பாதியில் வாரி இறைப்பவரும்தான் அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதலில், உங்களுடையது எந்த ஹைபிரிட்?

பின்பக்கம் ‘ஹைபிரிட்’ என்று ஒட்டியிருந்தாலே ஹைபிரிட் என்று நினைத்துவிடாதீர்கள். எர்டிகாவில் வருகிற ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ வேறு. அதில் பெல்ட்டில் ஓடும் ஒரு சின்ன மோட்டாரும் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியும் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவே. மோட்டார் மட்டும் வண்டியை இழுத்துப் போகாது. சர்வீஸைப் பொறுத்தவரை அது பெட்ரோல் கார்தான். இந்தக் கட்டுரையில் பாதி அதற்குத் தேவைப்படாது.

ஹைகிராஸ், இன்விக்டோ, ஹைரைடர், கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட் வகைகள், ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி போன்றவைதான் முழு ஹைபிரிட். ஹைகிராஸின் பேட்டரி பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை: 168 செல், 200 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும். ஆரஞ்சு கேபிளுக்கு அர்த்தம் அதுதான்.

இந்த வண்டிகளில் எது இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் தேய்கிற கிளட்ச் பிளேட் கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஆல்டர்னேட்டர் கிடையாது. டீசல் இன்னோவாவில் லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் ஒவ்வொன்றாக வந்து நின்ற செலவுகள் இவை. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்கு அனுப்புவதால் பிரேக் பேடும் நிதானமாகத்தான் தேயும். “பேட் போயிடுச்சு” என்று சொன்னால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். நம் ஊர் டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி தேயாது என்பதும் உண்மை. ஆனால் எண் கேட்டால் எண் வரும். கேட்காவிட்டால் பேட் வரும்.

எட்டு வருஷம் என்பது நான்கு வருஷம்

டொயோட்டாவும் ஹோண்டாவும் இந்தியாவில் ஹைபிரிட் பேட்டரிக்குக் கொடுக்கும் வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். ‘எது முதலில் வருகிறதோ’ என்ற மூன்று சொல்லை விற்பனைப் பையன் வேகமாகச் சொல்லிவிட்டுப் போவான். நம் பகுதிக்கு அதுதான் முக்கியம்.

ஆம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் போய் வந்தால் 350 கிலோமீட்டருக்கு மேல். மாதம் எட்டு நடை என்றாலே 2,800. பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர் என்று உள்ளூர் அலைச்சல் சேர்ந்தால் 3,500. வருஷத்துக்கு 42,000. அப்படியென்றால் 8 ஆண்டு வாரண்டி நான்கு வருஷம் நிறைவதற்கு முன்பே முடிந்துவிடும். டொயோட்டாவின் 3 ஆண்டு, 1,00,000 கிலோமீட்டர் பொது வாரண்டியோ இரண்டரை வருஷத்தைக்கூடத் தொடாது. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் உங்களுக்கு வருஷத்துக்கு நான்கு. முதலாளியின் சம்பந்தி பெங்களூரில் இதே வண்டி வைத்திருப்பார், “நான் வருஷத்துக்கு ஒரு தடவைதான் சர்வீஸ் விடுறேன்” என்பார். அவர் ஓட்டுவது பத்தாயிரம். அந்த ஒப்பீட்டை அறைக்குள் வந்தவுடனே உடைத்துவிடுங்கள். பில்லை வருஷக் கணக்கில் காட்டினால் பயமுறுத்தும். கிலோமீட்டருக்கு இத்தனை காசு என்று காட்டுங்கள்.

இந்த 1,60,000 கிலோமீட்டரில் ஷோரூம் சர்வீஸ் ஏன் வேண்டும் என்றால், வேலையின் தரத்துக்காக மட்டும் இல்லை, சாட்சிக்காக. பேட்டரி பேக் தகராறு செய்தால் எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது சர்வீஸ் வரலாறு. ஷோரூமில் செய்ததெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். வெளியே செய்திருந்தால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கும் முதலாளிகளும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று மாருதி, டொயோட்டா, ஹோண்டா உள்ளிட்ட 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, விவகாரம் வருஷக் கணக்கில் இழுத்தது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென்று தனி இணையதளமே திறந்தது; அதில் வாகனங்களும் சேர்த்தி. நியாயம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாளைக் காலை பையர் இறங்கும்போது கார் ரோட்டில் நிற்க வேண்டுமே. கோர்ட்டு உத்தரவைக் காட்டி வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது. உரிமையை மனதில் வைத்துக்கொண்டு, பில்லை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

டான் கலர் ஃபில்டர்

ஹைபிரிட் பேட்டரி சூடானால் ஆயுள் குறையும். அதனால் காருக்குள் இருக்கும் ஏசி காற்றை ஒரு சின்ன விசிறி உறிஞ்சி பேட்டரி மேல் ஓட விடும். காற்று நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். சீட்டுக்கு அடியில் இருக்கலாம், பின் சீட்டை ஒட்டி இருக்கலாம். சென்னையில் ஐடி கம்பெனிக்குப் போய் வரும் காரில் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. நம் ஊர் வேறு.

இரண்டாவது சர்வீஸில் அந்த ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். பையன் கவரைத் திறந்து வெளியே எடுத்தான். சாம்பல் நிறத்தில் தூசி இருக்கும் என்று நினைத்தேன். பழுப்பாக, மாவு மாதிரி, விரலில் ஒட்டியது. அந்த சீசன் முழுக்க எங்களிடம் ஓடியது டான் கலர் அப்பர். பஃபிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் மூன்று மாதமாக தினமும் ராத்திரி அந்தக் காரில்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் சட்டையில் இருந்த தோல் தூள் சீட்டுக்கு வந்து, சீட்டிலிருந்து விசிறி வழியாகப் பேட்டரி வாசலுக்கு வந்திருக்கிறது. “சார், இதை எத்தனை நாளா யாரும் பார்க்கல?” என்று பையன் என்னையே கேட்டான்.

அன்றிலிருந்து ஜாப் கார்டில் என் கையால் எழுதும் முதல் வரி அதுதான்: ‘ஹைபிரிட் பேட்டரி ஏர் ஃபில்டர் – கழற்றி, சுத்தம் செய்து, என்னிடம் காட்டவும்.’ புத்தகத்தில் போட்டிருக்கும் இடைவெளி ஊர் உலகத்துக்கானது. பஃபிங் தூள் பறக்கிற கம்பெனிக்கு ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்க வேண்டும். சாம்பிள் பெட்டிகளைப் பின் சீட்டில் அடுக்கும்போது அந்தக் காற்று வாசலை மறைக்கிறார்களா என்றும் பாருங்கள். வேலூர் வெயிலில், மே மாதத்தில், பன்னிரண்டு ஷூ பெட்டி அதை அடைத்துக்கொண்டு சென்னை வரை போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வாயு. சுண்ணாம்பு டிரம்மில் சோடியம் சல்ஃபைடு போடுவோம். கழிவு நீர் அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகின முட்டை வாடை. தொட்டி சுத்தம் செய்ய இறங்கியவர்களின் உயிரைக் குடித்ததும் இதே வாயுதான். மனிதரோடு ஒப்பிட்டால் கார் பெரிய விஷயம் இல்லை. ஆனால் செம்பையும் வெள்ளியையும் இது கறுக்க வைக்கும். டேனரிக்குள் வேலை பார்ப்பவர் விரலில் இருக்கும் வெள்ளி மோதிரத்தைப் பாருங்கள். ஹைபிரிட் பேட்டரியின் செல்களை இணைப்பவை செம்புப் பட்டைகள். ஆகவே காரைச் சுத்திகரிப்புத் தொட்டி பக்கம் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கண்ணாடியை ஏற்றி நிறுத்துங்கள். இதற்கு ஷோரூமுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை போதும்.

எஸ்டிமேட்டை வாசிப்பது

சர்வீஸ் அட்வைசர் கையில் டேப்லட்டோடு வருவார். நல்ல பையனாக இருப்பார். மாதக் கடைசியில் அவருக்கும் ஒரு டார்கெட் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

“சார், எஞ்சின் டீகார்ப் பண்ணிடலாம், மைலேஜ் ஏறும்.”

“புக்ல எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டுங்க தம்பி.”

இந்த ஒரு கேள்விக்கே பாதி வரி விழுந்துவிடும். புத்தகத்தில் இருந்தால் செய்யுங்கள்: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், ஸ்பார்க் பிளக் எல்லாம் அதற்குரிய கிலோமீட்டரில். எஞ்சின் ஃப்ளஷ், ஏசி கிருமி நீக்கம், இன்ஜெக்டர் கிளீனர், அடிப்பாகத்துக்குக் கோட்டிங், ஹெட்லைட் பாலிஷ் போன்றவை பெரும்பாலும் புத்தகத்தில் இருக்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வரிகளைப் பார்த்துத்தான் சொன்னது போலிருக்கும். டயர், அலைன்மென்ட், வைப்பர், பல்பு, மேட் ஆகியவற்றுக்கு வெளியே நல்ல கடைகள் இருக்கின்றன; அங்கே செய்வதால் பேட்டரி வாரண்டிக்கு ஒன்றும் வந்துவிடாது. பில் மட்டும் வாங்குங்கள்.

ஏசி மட்டும் விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹைபிரிட்டில் ஏசி கம்ப்ரஸரைப் பெல்ட் சுற்றுவதில்லை, பேட்டரியின் அதிக வோல்ட்டேஜ் சுற்றுகிறது. மோட்டார் கம்ப்ரஸருக்குள்ளேயே இருப்பதால் அதில் ஊற்றும் ஆயில் கரண்ட் கடத்தாத தனி வகை. சாதாரணக் கார்களுக்குப் போடும் ஏசி ஆயில் கொஞ்சம் கலந்தாலே கரண்ட் கசிய ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை காட்டும், வண்டியும் நின்று போகலாம். பெட்ரோல் கார்களுக்கு கேஸ் ஏற்றுகிற அதே மெஷினை இதில் மாட்டினால், குழாயில் மிச்சம் இருக்கும் பழைய ஆயிலே இந்த வேலையைச் செய்துவிடும். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் கம்ப்ரஸருக்கே வேட்டு வைக்கிற இடம் இது. எஞ்சின் ஆயிலிலும் அப்படித்தான். இந்த எஞ்சின்கள் தண்ணீர் மாதிரி மெல்லிய 0W-16 வகை ஆயிலுக்காகச் செய்தவை. டீசலுக்கு ஊற்றிய கனத்த ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். கையேட்டில் இருக்கும் எண்ணும் கேனில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வரி விஷயத்தில் அக்கவுன்ட்ஸ் பிரிவு புதிதாக இருந்தால் ஒரு தவறு நடக்கும். ஷோரூம் பில்லில் ஜிஎஸ்டி இருக்கிறது, அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். முடியாது. 13 பேர் வரை ஏறும் பயணிகள் வண்டிக்கு, அதன் சர்வீஸுக்கும் ரிப்பேருக்கும் சேர்த்து, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. டாக்ஸி, டிரைவிங் ஸ்கூல் போன்ற தொழில்களுக்கு விலக்கு உண்டு. ஷூ கம்பெனிக்கு இல்லை. ஆகவே ஷோரூம் பில்லையும் வெளிக் கடை பில்லையும் ஒப்பிடும்போது வரியோடு சேர்த்த மொத்தத்தை ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதம்தான். முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. பழைய பில்லை அடிப்படையாக வைத்து பட்ஜெட் போட்டிருந்தால் திருத்துங்கள்.

முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டும் சர்வீஸ் பேக்கேஜ் நம்மைப் போல வருஷத்துக்கு 40,000 ஓட்டுபவருக்கு லாபமாக இருக்க வாய்ப்பு அதிகம், விலை ஏற்றத்தில் இருந்து தப்பலாம். இரண்டு விஷயம் கேளுங்கள்: கணக்கு கிலோமீட்டரிலா, வருஷத்திலா? சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் வேறு டீலரிடமும் செல்லுமா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றால் விட்டுவிடுங்கள். பையர் மீட்டிங் மூன்று மணி நேரம் நடக்கும்போது சென்னையிலேயே சர்வீஸை முடிக்கிற வசதியை ஏன் இழக்க வேண்டும்?

தேதியும் உங்கள் பொறுப்புதான். ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரத்தில் நந்தம்பாக்கத்தில் தோல் கண்காட்சி நடக்கும். அந்த வாரம் கார் லிஃப்டில் தொங்கக் கூடாது. 10,000 ஆகட்டும் என்று காத்திருக்காமல் 9,300-லேயே விடுங்கள். தள்ளிப்போட்டு 11,500 ஆனால் முதலாளி கண்டுகொள்ள மாட்டார், வாரண்டிக்காரர் கண்டுகொள்வார்.

டிரைவருக்கும் வாட்டர் வாஷ் பையனுக்கும்

ஹைபிரிட் சத்தம் போடாது. ‘ரெடி’ விளக்கு எரிந்தால் வண்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஷெட்டில் ஒருநாள் பையன் பானட்டைத் திறந்து துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். டிரைவர் ஏசியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகப் பிடித்துக்கொண்டது. பையன் பின்னால் துள்ளியதில் பக்கெட் கவிழ்ந்ததோடு போயிற்று. அன்றே சாவிப் பலகையில் எழுதி ஒட்டினோம்: பானட் திறக்கும் முன் வண்டியை அணைத்து, சாவியைக் கையில் வாங்கு. எஞ்சின் அறைக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்காதே.

பண்டிகை விடுமுறையில் கார் பத்துப் பதினைந்து நாள் நின்றால் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடலாம். பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி எழுந்திருக்காது, ஏனென்றால் கம்ப்யூட்டரை எழுப்புவது சின்னது. ஷோரூமுக்கு டோ பண்ணாதீர்கள், ஜம்ப் கொடுத்தால் போதும். ஆனால் இந்தக் காரில் இருந்து கேபிள் போட்டு லாரியை ஸ்டார்ட் செய்ய யாரையும் விடாதீர்கள்.

மெக்கானிக் பாயின் மகன் ஐடிஐ முடித்துவிட்டு இருக்கிறான். என்னைக் கேட்டபோது, அதிக வோல்ட்டேஜ் பயிற்சி எடு, 1000 வோல்ட் தாங்கும் கையுறை வாங்கு, சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகு பத்து நிமிஷம் பொறுமையாக நிற்கக் கற்றுக்கொள் என்றேன். இப்போது பைபாஸில் ஓடுகிற ஹைபிரிட்டெல்லாம் நான்கு வருஷத்தில் வாரண்டி முடிந்து வெளியே வரும். அவற்றுக்கு ஒரு கை வேண்டும், எனக்கும்.

உங்கள் வண்டியும் அங்கே வரும். ஓடோமீட்டர் 1,50,000-ஐத் தொட்டதும் ஷோரூமில் ஹைபிரிட் பேட்டரி ஹெல்த் செக் கேளுங்கள். “நல்லா இருக்கு சார்” என்ற வாய்ச் சொல் வேண்டாம், பிரின்ட் வேண்டும், தேதியோடும் கிலோமீட்டரோடும். ஏதாவது ஒரு பிளாக் பலவீனம் என்று அதில் வந்தால் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீலை வாங்குங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மாதம் 3,500 ஓடுகிற வண்டிக்கு இதையெல்லாம் செய்ய மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நேரம் இருக்கும்.